அப்பாயியின் நிறத்துக்கு எத்தனை விநாடி

"மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க. சரி, விடலாம்."

ஒரு நாளைக்கு 60, 70 தடவை இதைச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம் வருகிறது. மலாய்க்காரர் வந்தால் "தாரிக் நாஃபாஸ், தாஹான்". மாண்டரினிலும் சொல்வேன், சீனப் பாட்டிமார் மூச்சைப் பிடிப்பதற்குப் பதில் சிரித்துவிடுவார்கள், என் உச்சரிப்பு அந்த லட்சணம். சிரித்தால் இழுத்த மூச்சு போய்விடும். மறுபடி முதலில் இருந்து.

நான் எக்ஸ்ரே எடுப்பவள். 13 வருடமாக இதுதான் வேலை. போன ஜூலையில் இருந்து வாரத்தில் இரண்டு நாள், மாலை 7 மணிக்கு மேல், புகைப்படம் படிக்கிறேன். பகுதிநேர டிப்ளோமா. வகுப்பில் பாதிப் பேர் என்னைவிட 15 வயது சின்னவர்கள். முதல் நாள் ஒரு பையன் என்னை ஆசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றான். அவனுக்கு இன்றைக்கும் அந்த வெட்கம் போகவில்லை.

முதல் பாடவேலை சுலபமானது. உங்களைப் பாதித்த ஒரு புகைப்படத்தைக் கொண்டுவாருங்கள், ஐந்து நிமிடம் பேசுங்கள். பிள்ளைகள் ஃபான் ஹோ எடுத்த பழைய ஹாங்காங்கைக் கொண்டுவந்தார்கள், மொரியாமாவின் தெருநாயைக் கொண்டுவந்தார்கள். நான் கொண்டுபோனது ஒரு கை. 1895 டிசம்பர் 22ஆம் தேதி, எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த வில்ஹெல்ம் ராண்ட்கன் எடுத்த அவர் மனைவியின் கை. விரல் எலும்புகள் தெரியும், மோதிரம் மட்டும் எலும்பைத் தொடாமல் மிதப்பது போல இருக்கும். ஏறக்குறைய கால் மணி நேரம் அந்த அம்மா கையை அசைக்காமல் வைத்திருந்தாராம். என் நோயாளிகள் கால் விநாடி சும்மா இருப்பதில்லை.

"இது உருவப்படமா?" என்று வாத்தியார் கேட்டார். அறுபதைத் தாண்டிய சீனர், ஒரு காலத்தில் பத்திரிகைக்குப் படமெடுத்தவர். கை யாருடையது என்று உலகத்துக்கே தெரியும், அப்படியானால் உருவப்படம்தானே என்றேன். தலையைச் சாய்த்துக் கொஞ்சநேரம் திரையைப் பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அப்போதுதான்.

படிப்பின் முதல் பாதி முழுக்கக் கறுப்பு வெள்ளை, அதுவும் ஃபிலிமில். எங்கள் துறையில் ஃபிலிமை மூட்டை கட்டி அனுப்பி எத்தனையோ வருடமாயிற்று, இங்கே வந்து காசு கொடுத்து அதையே மறுபடி கற்றுக்கொள்கிறேன் என்று கூட வேலை செய்பவர்களுக்குச் சிரிப்பு. கோல்மன் தெருவில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் மூன்று கடை ஏறி இறங்கி ஒரு பென்டாக்ஸ் கே1000 கேமரா வாங்கினேன். 1976இல் தொடங்கி 1997 வரை செய்தார்கள். உலகத்தில் பாதி புகைப்பட மாணவர்களின் கழுத்தில் தொங்கியிருக்கும். எல்லாமே கையால் திருப்புவது. பேட்டரி ஒளிமானிக்கு மட்டும்தான், அது தீர்ந்தாலும் படம் எடுக்கலாம். கூடவே வந்த 50 எம்எம் லென்ஸின் உள்ளே மூலையில் பூஞ்சணம். சிங்கப்பூரில் பழைய லென்ஸ் என்றால் பூஞ்சணம் இருக்கத்தான் செய்யும், விலையில் 30 வெள்ளி குறைத்தார் கடைக்காரர். ஈரம் ஏறாமல் இருக்க உலர்பெட்டி வாங்க வேண்டும் என்றதற்கு, அரிசிப் பானையில் போட்டுவை என்றார் அப்பாயி, என் அப்பாவின் அம்மா. கேட்க வேடிக்கையாக இருந்தாலும் தவறான யோசனை என்று சொல்லமுடியவில்லை. (போடவில்லை. லென்ஸுக்குள் தவிடு போனால் அது வேறு தலைவலி.)

இருட்டறையைப் பற்றி எழுதப் போனால் இந்தப் பதிவு முடியாது. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஃபிலிமைக் கழுவும் டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும் என்று எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கிறது. எழுதியவர்கள் குளிர்நாட்டுக்காரர்கள். நம் குழாயில் எந்த மாதமும் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் வரும். அதனால் வகுப்புக்கு முன்னால் கீழே கோப்பிக்கடையில் ஒரு பை ஐஸ் வாங்கிக்கொண்டு போவது என் வேலை. கடைக்கார அக்கா, பார்ட்டியா என்று கேட்பார். ஐஸ் தட்டில் பாட்டில்களை நிற்கவைத்து, வெப்பமானி 20ஐத் தொடும்வரை காத்திருந்து, பிறகு 13 நிமிடம், ஒவ்வொரு நிமிடமும் 10 விநாடி டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தி. அப்பாயி பால் காய்ச்சும்போது அடுப்பை விட்டு நகராமல் நிற்பது நினைவுக்கு வரும்.

இரண்டாவது பாடவேலை கட்டுரை. ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸோனைப் பற்றி 1,500 சொல். அவரைப் பற்றி எழுதாமல் எந்த ஊரிலும் எவரும் புகைப்படப் படிப்பை முடிக்க முடியாது போலிருக்கிறது. 1932, பாரிஸ், சான் லசார் ரயில் நிலையத்தின் பின்புறம். தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஒருவர் குதிக்கிறார், குதிகால் தண்ணீரைத் தொட மயிரிழை பாக்கி. பலகை வேலியின் இடுக்கில் லென்ஸை வைத்து எடுத்தது. ஓரத்தில் வேலியும் படத்துக்குள் விழுந்துவிட்டதால் அந்தப் பக்கத்தை வெட்டினார்கள். படத்தை வெட்டக்கூடாது என்று ஆயுள் முழுக்கப் பிடிவாதமாக இருந்த மனிதரின் மிகப் புகழ்பெற்ற படம் வெட்டிய படம். இதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

அவர் படங்களைப் பார்க்கப் பார்க்க எனக்கு மரியாதை கூடியது, நெருக்கம் வரவில்லை. கணத்துக்காகக் காத்திருந்தவர் அவர். நான் "பிடிங்க" என்று உத்தரவு போட்டுக் கணத்தை வரவழைப்பவள். எனக்குப் பிடித்தது அவருடைய ஒரே ஒரு படம்தான். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துவிட்டு வந்தார்; கொஞ்ச நேரத்தில் காந்தியைச் சுட்டுவிட்டார்கள். அன்று இரவு பிர்லா மாளிகை வாசலில் நேரு ஏறி நின்று கூட்டத்துக்குச் செய்தி சொல்கிறார். விளக்கு வெளிச்சம், கலங்கல், ஆட்டம். எங்கள் பிரிவில் இப்படி ஒரு படம் எடுத்தால் 'ரிப்பீட்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். ஆனால் அந்த இரவு அப்படித்தான் இருந்திருக்கும்.

கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்: தன் படத்தைத் தான் அச்சிடாதவர், சமைக்காமல் பரிமாறுபவர். அவருக்கு இருட்டறை பிடிக்காது, பாரிஸில் பியர் காஸ்மன் நடத்திய பிக்டோ அச்சகத்தில்தான் வேலை நடக்கும். வாத்தியார் அந்த வரியைச் சிவப்பில் சுழித்து, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். மதிப்பெண் பி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அரையாண்டு முடிவில் ஒரு தொகுப்பு கொடுக்க வேண்டும். 12 படம், ஒரே பொருள், கையால் அச்சிட்டது. வாத்தியார் மூன்றைத் தடை செய்தார்: மரினா பே இரவுக்காட்சி, பூனை, தைப்பூசக் காவடி. மூன்றாவதைச் சொல்லும்போது என் பக்கம் பார்க்காமல் சொன்னார், அதிலேயே பார்த்தது தெரிந்தது. எனக்கு வருத்தமில்லை. என் தம்பி வருடாவருடம் பால்குடம் எடுக்கிறான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் இருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை அவன் கூட நடந்தால், வேல்களைவிட லென்ஸ் நிறைய கண்ணில் படும்.

நான் அப்பாயியை எடுத்தேன்.

அப்பாயிக்கு வயது 86. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். 1958இல், 19 வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். தாத்தாவுக்குச் செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் அவர்கள் கிளம்பிப்போன பிறகும் தாத்தா கப்பல் பட்டறையிலேயே இருந்தார். இப்போது ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, ஒன்பதாவது மாடி. பங்குனி உத்திரத்துக்குப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு மட்டும் வெளியே வருவார், மற்றபடி காரிடாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைக் கணக்கெடுப்பார்.

அப்பாயி கறுப்பு. மாநிறம், புதுநிறம் என்று நாம் சுற்றிவளைக்கிற வார்த்தைகளுக்கெல்லாம் அப்பால், நல்ல கறுப்பு. என் நிறமும் அவரிடம் இருந்து வந்ததுதான். அதை எனக்கு நினைவூட்ட உறவில் யாரும் மறந்ததில்லை.

முதல் ரோலில் காரிடாரிலேயே வைத்து எடுத்தேன். பின்னால் வெள்ளைச் சுவர், பக்கவாட்டில் பகல் வெளிச்சம். ஒளிமானியின் முள் நடுவில் நின்றது, எடுத்தேன். கழுவிப் பார்த்தால் சுவர் அழகாக வந்திருக்கிறது, சுவரில் ஒரு ஆணித் துளைகூடத் தெரிகிறது. அப்பாயியின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை. வகுப்பில் எல்லோர் படத்தையும் சுவரில் குத்திவைத்துப் பேசும் நாள். "ரொம்ப இருட்டு லா," என்றார் வாத்தியார். ஒரு பெண், அது நிழலுருவமாக வேண்டுமென்றே எடுத்ததா என்று கேட்டாள். உள்ளூர்ப் புகைப்படக்காரர்கள் பாடத்தில் அதற்கு முந்தின வாரம்தான் யிப் சியோங் ஃபன் 1957இல் எடுத்த விடியற்காலைப் படகுப் படத்தைப் பார்த்திருந்தோம். விடியல் வெளிச்சத்துக்கு எதிரே யாராக இருந்தாலும் கறுப்புதான். அப்பாயி அப்படி இல்லை. அப்பாயி நடுப்பகலிலும் கறுப்பு.

வீட்டுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில்தான் உறைத்தது, இது எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்று. ஒளிமானிக்கு ஒரே ஒரு நம்பிக்கை: உலகம் மொத்தமும் நடுத்தரச் சாம்பல். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் சாம்பல். வெள்ளைச் சுவரைக் காட்டினால், இது சாம்பல்தான், ஒளியைக் குறை என்று சொல்லும். கரியைக் காட்டினால், இதுவும் சாம்பல்தான், ஒளியைக் கூட்டு என்று சொல்லும். எங்கள் எக்ஸ்ரே அறையிலும் போதுமான கதிர் வந்ததும் தானாக நிறுத்தும் கருவி இருக்கிறது. நோயாளி கொஞ்சம் தள்ளி நின்றால் அதுவும் ஏமாறும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, இயந்திரத்தை நம்பாதே, எதை அளக்கிறது என்று பார் என்று சொல்லிக்கொடுப்பவளே நான்தான். கேமராவைக் கையில் எடுத்ததும் நம்பிவிட்டேன்.

வாத்தியார் அடுத்த வகுப்பில் ஷெர்லி அட்டையைக் காட்டினார். 1950களில் இருந்து கோடாக் தன் அச்சகங்களுக்கு அனுப்பிய மாதிரிப் படம். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் தோல் சரியாக விழுந்தால் வண்ணம் சரி, இயந்திரம் சரி. மற்றவர் தோல் எப்படி விழுந்தது என்று யார் பார்த்தது? பிற்காலத்தில் கோடாக் கருநிறங்களைக் கவனித்துத் திருத்தியதற்கு, எங்கள் சாக்லேட் சரியாக விழவில்லை, எங்கள் மரச்சாமானில் வித்தியாசம் தெரியவில்லை என்று அந்த வியாபாரிகள் புகார் செய்ததும் ஒரு காரணமாம். வகுப்பில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பள்ளிக்கூட வகுப்புப் படங்கள் நினைவுக்கு வந்தன: இரண்டாம் வரிசையில் பல்லும் கண்ணுமாக நான்.

அந்த வாரம் செய்த உருப்படியான காரியம், செய்டூ கெய்த்தா என்ற புகைப்படக்காரரின் படங்களைப் பார்த்தது. மாலி நாட்டில் பமாக்கோ நகரில் 1948இல் ஸ்டூடியோ வைத்தவர். மின்விளக்கை நம்பாமல் முற்றத்துப் பகல் வெளிச்சத்தில் எடுப்பார். ஃபிலிம் விலை கட்டுப்படியாகாது, ஆளுக்கு ஒரு கிளிக்தான் பெரும்பாலும். முதல் பின்திரை அவர் வீட்டுக் கட்டில் விரிப்பு! இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு தடவை திரையை மாற்றுவாராம். எந்தத் திரை என்று பார்த்து எந்த வருடத்துப் படம் என்று சொல்லிவிடுவார். பூப்போட்ட விரிப்பின் முன்னால் பூப்போட்ட உடுப்பில் சாய்ந்து படுத்திருக்கும் பெண்கள். முகங்கள் அத்தனை கறுப்பு, அத்தனை தெளிவு. 1991இல் நியூயார்க்கில் அவர் படங்களை முதலில் மாட்டியபோது பெயர் தெரியாதவர் எடுத்தது என்று எழுதியிருந்தார்கள். மனிதர் அப்போது பமாக்கோவில் உயிரோடுதான் இருந்தார்.

மறுபடி ஈசூன். அப்பாயியின் பத்திக் சாரோங் ஒன்று, செம்பவாங் காலத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கொடுத்தது, பழுப்பும் நீலமும். அதைக் காரிடார்ச் சுவரில் ஒட்டுநாடா போட்டுத் தொங்கவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப்பார்த்தார். இந்தத் தடவை கேமராவை அப்பாயியின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் அளந்தேன். நடுச்சாம்பலாக்கப் பார்க்கும் என்று தெரியும், அதனால் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியில் பாதி, குறைக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் நெகட்டிவில் நிழலுக்கு உயிர் வேண்டும், இல்லாததைப் பிறகு எங்கிருந்தும் கொண்டுவர முடியாது என்று பயந்து, குறைக்காமலே எடுத்தேன். "மூச்சைப் பிடிக்கணுமா?" என்றார் அப்பாயி. வேண்டாம் என்றேன். பிடித்துக்கொண்டார்.

நெகட்டிவ் நன்றாக வந்தது. முதல் அச்சை 11 விநாடி வெளிச்சத்தில் போட்டேன். கன்னத்துச் சுருக்கம், நெற்றித் திருநீறு, காதுத் துளையின் தளர்ச்சி, எல்லாம் இருக்கிறது. பக்கத்து மேசைப் பையன், "செம டீடெயில்" என்றான். வாத்தியாரும் தலையாட்டினார். எனக்கு மட்டும் என்னவோ இடித்தது. தட்டில் மிதந்துகொண்டிருந்தவர் சாம்பல் நிறப் பாட்டி. யாரோ ஒரு பாட்டி.

அன்றைக்கு வகுப்பு முடிந்ததும் வாத்தியார் தன் பையில் இருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, மேசையைத் துடைத்துவிட்டு வைத்தார். கையைக் கழுவிட்டு வா என்றார். ராய் டிகராவா. 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்தவர், 2009இல் இறந்தார். 1952இல் கூகன்ஹைம் நல்கை கிடைத்தது. கறுப்பினப் புகைப்படக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. ஓவியமும் அச்சுக்கலையும் படித்துவிட்டு வந்தவர். படத்தைத் தானே அச்சிடுவார் (என் கட்டுரை வரி நினைவிருக்கிறதா, வாத்தியாருக்கும் இருந்தது).

1953இல் எடுத்த ஒரு படம். குறுகலான வாடகைக் குடியிருப்பு நடைவழி, மங்கிய விளக்கு, அவ்வளவுதான். பக்கத்தைப் புரட்டியதும் கறுப்பாகத்தான் தெரிந்தது. பத்து விநாடி பார்த்த பிறகு சுவர் வந்தது, தரை வந்தது. இன்னொன்று 1949: வெள்ளைக் கவுன் போட்ட பட்டமளிப்பு நாள் சிறுமி, குப்பை கிடக்கும் காலி மனையோரம் வெயிலில் இருந்து நிழலுக்குள் நடக்கிறாள். ஃபிளாஷ் கிடையாது. எந்த முகத்தையும் இழுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவரவில்லை. கறுப்புக்கும் அடர்சாம்பலுக்கும் நடுவே அந்த மனிதர் ஏழெட்டு நிறம் வைத்திருக்கிறார். எக்ஸ்ரே பார்த்துப் பழகிய கண் என்னுடையது. நுரையீரலின் கறுப்பில் நூலிழைச் சாம்பலைத் தேடித்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனாலும் தோலை இப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதில்லை. எக்ஸ்ரேக்குத் தோல் ஒரு பொருட்டே கிடையாது.

அடுத்த வாரம் அதே நெகட்டிவ். 11 விநாடியை 13 ஆக்கினேன், 15, 17. 17இல் அப்பாயி வந்தார். கன்னத்தில் வெளிச்சம் பட்ட இடம் எண்ணெய் தடவிய கல் மாதிரி. மற்ற பக்கம் உள்ளே போய்விட்டது, ஆனால் உற்றுப்பார்த்தால் சுருக்கம் இருக்கிறது. மூக்குத்தி ஒரு வெள்ளைப் புள்ளி. பத்திக் மட்டும் அளவுக்கு மீறி இருண்டது. அந்த 17இல் 5 விநாடி என் உள்ளங்கையால் ஒளியை மறைத்து அதைக் காப்பாற்றினேன். ஒன்பது தாள் வீணாக்கிய பிறகு பத்தாவது சரியாக விழுந்தது. சிவப்பு விளக்கில் பார்த்துவிட்டு, வெளியே வெள்ளை விளக்கில் பார்க்கும்வரை கும்பிட்டுக்கொண்டே போனேன்.

இந்த இடத்தில் ரகுபீர் சிங் வந்து என்னோடு சண்டை போடுவார் என்று தெரியும். 1942இல் ஜெய்ப்பூரில் பிறந்து 1999இல் மறைந்தவர், வாழ்நாள் முழுக்க வண்ணத்திலேயே எடுத்தவர், தமிழ்நாட்டைப் பற்றியே ஒரு படநூல் செய்திருக்கிறார். இந்தியக் கண்ணுக்கு உலகம் வண்ணத்தில்தான் படும், கறுப்பு வெள்ளையின் சோகம் மேற்கத்தியச் சரக்கு என்பது அவர் கட்சி. அப்பாயியும் அவர் கட்சிதான். "கலர் இல்லாம எதுக்குப் படம், யாராவது செத்துட்டாங்களா?" என்றார் முதல் ரோலிலேயே. வண்ணம் அடுத்த அரையாண்டுப் பாடம் என்று சமாதானம் சொல்லிவைத்தேன்.

போன ஞாயிறு அச்சைக் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நெடுநேரம் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்னடி இது, கரிச்சட்டி மாதிரி?"

அலமாரியில் இருந்து 1961ஆம் வருடப் படத்தை எடுத்துவரச் சொன்னார். சிராங்கூன் சாலையில் ஒரு ஸ்டூடியோவில், ஊரில் இருந்த அம்மாவுக்கு அனுப்ப எடுத்தது. இரண்டு பிரதி போட்டதில் மிஞ்சிய ஒன்று. 22 வயது அப்பாயி, பக்கத்தில் உயர மேசை, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. கையால் வண்ணம் தீட்டியது. புடவை உண்மையில் மாம்பழ மஞ்சளாம், தீட்டியவர் பச்சை போட்டுவிட்டார். உதட்டில் ரோஸ். முகம் கோதுமை நிறம். இந்தப் படத்தை ஒரு தடவை வகுப்புக்கு எடுத்துப்போயிருந்தேன். வாத்தியார் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்து, கன்னத்தில் மெல்லிய கோடுகளைக் காட்டினார். நெகட்டிவின்மேல் பென்சிலால் தீட்டுவார்களாம். நெகட்டிவில் கரி ஏறிய இடம் அச்சில் வெளுக்கும். கரியைப் பூசி வெள்ளையாக்கியிருக்கிறார்கள். அவரும் இளவயதில் ஒரு ஸ்டூடியோவில் அந்த வேலை செய்திருக்கிறார், முகத்துக்கு இத்தனை என்று காசு.

"நான் போனா மாலை போட இதுதான். சொல்லிட்டேன்," என்றார் அப்பாயி.

இதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பென்சில்காரர் மேல், அப்பாயியை இத்தனை காலம் "கறுத்தாலும் களையான முகம்" என்று பாராட்டிய உறவுக்காரர்கள் மேல். அந்தக் 'கறுத்தாலும்'ஐ நானும் நிறையக் கேட்டவள். அப்பாயிக்கு டிகராவாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நான்கு வாக்கியம் கேட்டார். பிறகு, "தோடு நல்லா விழுந்திருக்கு," என்றார், ஆறுதலுக்கு.

அதற்குப் பிறகுதான் முக்கியமான கேள்வி. "இத யார் யார் பாப்பாங்க?"

வகுப்பில் பார்ப்பார்கள், வருடக் கடைசியில் கண்காட்சியில் மாட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம்.

"அப்ப வேணாம்."

கண்காட்சியில் பாட்டி படத்தை மாட்டப் பாட்டியிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். நோயாளியின் விரலை எக்ஸ்ரே எடுக்கக்கூடப் பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, சம்மதமா என்று கேட்கிறவள் நான். 1936இல் கலிபோர்னியாவில் டாரத்தியா லாங் எடுத்த அந்தத் தாயின் படம் எங்கள் எல்லாருடைய குறிப்பேட்டிலும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பக்கமும் முகம் திருப்பி ஒண்டியிருக்க, கன்னத்தில் கைவைத்த தாய். லாங் அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்ற பெயர் வெளியே தெரிய 1978 ஆயிற்று. அவர் சொன்னது, அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், தனக்கு அதில் ஒரு காசு வரவில்லை என்று. இதைப் பற்றி நான் வகுப்பில் பத்து நிமிடம் ஆவேசமாகப் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள்.

வாத்தியாரிடம் கேட்டதற்கு, பாட்டிக்குத் தெரியவா போகிறது என்று சொல்லவில்லை, அது அவர் பெருந்தன்மை. "17 விநாடிப் படம்தான் உன் தொகுப்பில் நல்ல படம்," என்றார். "அதனால் முடிவு உன் தலையில்."

தொகுப்பு கொடுக்க இன்னும் 12 நாள். 11 படத்துக்கு அட்டை வெட்டி ஒட்டிவிட்டேன்: அப்பாயியின் கை, செருப்பு, சாரோங், வெற்றிலைப் பெட்டி, காரிடார் நாற்காலி ஆள் இல்லாமல், இப்படி. முகம் இல்லாமல் 11. ராண்ட்கன் மனைவியின் கையைக் காட்டி அது உருவப்படம்தான் என்று வாதாடியவள், இப்போது அந்த வாதத்தை எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். நிற்கவில்லை.

நேற்று இரவு அப்பாயி போன் செய்தார். யோசித்துப் பார்த்தாராம். வர ஞாயிறு வந்து வேறொன்று எடுக்கலாம், அதை மாட்டிக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை. நிபந்தனை ஒன்று: மாம்பழ மஞ்சளில் ஒரு புடவை வேண்டும், தேக்காவில் பார்த்து வாங்கி வர வேண்டும். கறுப்பு வெள்ளையில் மஞ்சள் தெரியாதே அப்பாயி என்றேன். "எனக்குத் தெரியும்ல," என்றார். அப்புறம் நினைவு வந்தவர் போல, கியூட்டிகுரா பவுடர் வீட்டில் தீர்ந்துவிட்டது, அதையும் வாங்கி வா என்றார்.

சரி. பெரிய டின்னா சின்ன டின்னா என்று கேட்க மறந்துவிட்டேன். ஒளிமானிக்கு வேலை சுலபமாகும்.